செம்மண்டலம், நீல எழுத்தில்

நிரல் எழுதியது நான்தான்.
நாலு நிறம், நாலு சொல், நூற்றிருபது திரை.
'சிவப்பு' என்ற சொல் பச்சையில் வரும்.
சொல்லை விட்டுவிட்டு
நிறத்தைச் சொல்ல வேண்டும்.
நாக்கு எத்தனை மில்லிவினாடி தயங்குகிறது என்று
கணினி குறித்துக்கொள்ளும்.
அவ்வளவுதான் ஆய்வு.
தலைப்பு மட்டும் மூன்று வரி.

மஞ்சக்குப்பத்தில் கல்லூரி, இரண்டாம் மாடி.
கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பழைய பலகை
இப்போது யூபிஎஸ்ஸுக்கு முட்டு.
எட்டுக் கணினியில் ஐந்து ஓடும்.
ஐந்தில் ஒன்று தினமும் காலையில்
இரண்டாயிரத்து ஒன்று சனவரிக்குத் திரும்பிவிடும்.
அதில் உட்கார்ந்தவர்கள்
பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே
சோதனையை முடித்திருந்தார்கள்.

ஒலிவாங்கியையும் நம்ப முடியாது.
பண்ருட்டி பஸ் அடித்த ஹாரனை
முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிவினாடியில் வந்த
பதில் என்று பதிந்தது.
இருமல், வளையல், "அது வந்து மேடம்",
எல்லாமே அதற்கு விடை.
ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாய் எடுத்தேன்,
வலையில் மாட்டிய நண்டைக்
கொடுக்கு படாமல் கழற்றுவதுபோல.

மாணவர்கள் தடுமாறினார்கள், எதிர்பார்த்தபடியே.
மெய்யழகனுக்கு இருநூற்றுப் பத்து கூடுதல்.
பதற்றத்தில் ஒரு நீலத்துக்கு
"உள்ளேன் மேடம்" என்றான்.

பிறகு ரெஜினாமேரி தன் தெருவிலிருந்து
அஞ்சலாட்சியை அழைத்து வந்தாள்.
தேவனாம்பட்டினம். மீன் வியாபாரம்.
வயது கேட்டதற்கு
"தானே புயலுக்குக் கடைசிப் பய வயித்துல."
நாற்பது என்று ரெஜினா நிரப்பினாள்.
பங்கேற்பாளர் இருபத்தேழு.
நூறு ரூபாய், ஒரு டீ.
கூடையை வெளியே விட மனசில்லாமல்
சிபியு பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

பச்ச. செவப்பு. செவப்பு. மஞ்சா. ஊதா.
நீலத்துக்கு ஊதாவா? தவறு என்று போட்டேன்,
பிறகு அடித்தேன்.
அவர் தெருவில் நீலத்துக்குப் பெயர் அதுதான்.
கத்தியில் செதில் தெறிப்பதுபோல் பதில்கள்.
சொல்லும் நிறமும் ஒத்த திரைக்கும்
ஒவ்வாத திரைக்கும்
வித்தியாசம் மூன்று மில்லிவினாடி.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.
அப்புறம் படிவத்தைத் திருப்பினேன்.
கையெழுத்து இடத்தில் கட்டைவிரல் ரேகை.

"எழுத்து தொந்தரவு பண்ணலையாம்மா?"
"எந்த எழுத்து?
நடுவுல பூச்சி மாதிரி நெளிஞ்சுதே, அதா?
அது என்னா கலரோ அதத்தான சொன்னேன்."

டீயை ஊதிக்கொண்டே கேட்டார்,
"பாஸா, பெயிலா?"
எல்லாரையும்விட நீங்கதான் வேகம் என்று
வாய்வரைக்கும் வந்தது.
சொல்லவில்லை.
தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் மட்டும்:
தகுதி விதி, என் கைப்பட எழுதியது.
இருபத்தேழாம் வரிசையை
மஞ்சள் அடித்து வைத்தேன், அழிக்க வேண்டியது என்று.
இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது.

பஸ் ஏற்றிவிடக் கூடவே இறங்கினேன்.
பலகைகள் வந்தபடி இருந்தன.
செம்மண்டலம், நீல எழுத்தில்.
பச்சையாங்குப்பம், சிவப்பில்.
மஞ்சக்குப்பம் என்று எங்கள் கல்லூரி வளைவிலேயே
பச்சைப் பெயிண்ட்.
பதினைந்து வருடமாய் இதைப் பார்க்காமலா வந்து போனேன்?
ஒவ்வொன்றுக்கும் என் தொண்டை
நூலளவு பிடித்து விட்டது.

அவருக்குப் பிடிக்கவில்லை.
வண்டி வர வர
பக்கத்தில் நின்ற பையனிடம்
"இது எங்கப்பா போவுது?" என்றார்.
என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும்
ஏனோ வாய் வரவில்லை.
பையன் போனிலிருந்து தலை தூக்கிப்
பதில் சொல்ல எடுத்த நேரத்தை எண்ணினேன், பழக்கதோஷம்.
நாலு வினாடி.
என் நிரலில் இரண்டைத் தாண்டினால்
அது பதிலே இல்லை.

வண்டி அதற்குள் நகர்ந்திருந்தது.
கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு
அடுத்ததைப் பார்க்கத் திரும்பினார்.